ஜூபின் மேத்தா: பெரிய கண்டக்டரா, பெரிய இடங்களுக்குப் போய் நின்றவரா?

4 செப்டம்பர் 2023, இரவு 9.50

வாசகர் ஒருவர் கேட்டது: "போன மாதம் ஜூபின் மேத்தா மும்பை என்.சி.பி.ஏ. கலை அரங்கத்தில் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவை நடத்தினார். 87 வயதில் இது சாதனைதான். ஆனால் நேராகவே கேட்கிறேன். ஆர்கெஸ்ட்ராவின் முன் நின்று கையசைத்து இசையை நடத்தும் வேலையில், அவர் உண்மையிலேயே பெரிய கண்டக்டரா, இல்லை பெரிய இடங்களுக்குப் போய் நின்றவரா? மூன்று டெனர்கள் கச்சேரி, பெய்ஜிங் அரண்மனை, ஸ்டேடியம், போர் நடக்கும் ஊர். வெளிச்சத்தை அணைத்துவிட்டால் இசையில் என்ன மிச்சம்?"

நிறைய மிச்சம் இருக்கிறது. 1961இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆர்கெஸ்ட்ராவை, நோய்வாய்ப்பட்ட கண்டக்டர் ஃபிரிட்ஸ் ரைனருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்து நடத்தினார். 1962இல் அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கே இசை இயக்குநர். வயது 26. அதே சமயம் மான்ட்ரியல் ஆர்கெஸ்ட்ராவும் அவர் கையில். நியூயார்க்கில் 1978 முதல் 1991 வரை. இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் 1969 முதல் 2019 வரை 50 வருஷம் இயக்குநர். ஃப்ளாரன்ஸில் 1985 முதல் 2017 வரை. மியூனிக் ஓபராவில், அதாவது இசை நாடக அரங்கத்தில், 1998 முதல் 2006 வரை. வெளிச்சத்துக்காக மட்டும் ஒருவரை இத்தனை வருஷம் எந்தக் குழுவும் வைத்துக்கொள்ளாது. வாத்தியக்காரர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை.

5 செப்டம்பர் 2023, காலை 6.15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1969இல் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் அவரை இசை ஆலோசகராகத்தான் எடுத்தது. இயக்குநரானது 1977இல். 1981இல்தான் வாழ்நாள் இயக்குநர் என்று அறிவித்தார்கள். மொத்தம் 50 வருஷம் என்பது சரி, "50 வருஷம் இயக்குநர்" என்பது தவறு. அந்தக் குழுவோடு 3,000க்கும் மேற்பட்ட கச்சேரிகள்.

5 செப்டம்பர் 2023, இரவு 10.30

பகலெல்லாம் யோசித்தேன். பதவிப் பட்டியல் போட்டது சரியான பதில் இல்லை. பட்டியல் போட்டால் யாரும் பெரிய ஆள்தான். எனக்கு ஏன் இவர் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் தரங்கம்பாடி. தேவாலயத்தில் 22 வருஷமாகக் கொயர் மாஸ்டர், பாடகர் குழுவை நடத்துவது என் வேலை. 26 டிசம்பர் 2004 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் முடிந்த மறுநாள். அன்று கடல் வந்தது. எங்கள் கொயரில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் டெனர், ஆண்களின் மேல்குரல்; ஒருவர் சோப்ரானோ, பெண்களின் மேல்குரல். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

மறு வருஷம் அதே நாள் நினைவு ஆராதனை. அடக்கத்தில் பாடும் ஒரு பாட்டைத் தேர்ந்திருந்தோம். ஆர்கன் முன்னிசை முடிந்தது, நான் கையைத் தூக்கினேன், ஒரு குரலும் வரவில்லை. மறுபடி முன்னிசை, மறுபடி கை. வரவில்லை. டெனர் வரிசையில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தோம், என் கண் அதிலேயே இருந்தது. மூன்றாம் முறை ஆல்ட்டோ என்னும் பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா என் கையைப் பார்க்காமல் தானாகவே தொடங்கினார். அவர் பிடித்த சுருதி முக்கால் கட்டை கீழே. எல்லோரும் அதில் சேர்ந்துகொண்டோம். ஆர்கன் நின்றுவிட்டது.

மறுநாள் பேப்பரில் ஒரு செய்தி. அதே 26ஆம் தேதி சென்னை மியூசிக் அகாடமியில் மியூனிக்கிலிருந்து பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ரா வந்து சுனாமி நினைவுக் கச்சேரி நடத்தியிருக்கிறது. கண்டக்டர் ஜூபின் மேத்தா. ஜெர்மன் துணைத் தூதரகமும் மாக்ஸ் முல்லர் பவன் என்ற ஜெர்மன் பண்பாட்டு மையமும் ஏற்பாடு. அந்தக் குழு சென்னையில் வாசித்தது அதுவே முதல்முறை. எனக்கு அது முன்பே தெரிந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன், என் இடம் இங்கேதான். ஆனால் எங்களுக்காக ஒரு குழு அவ்வளவு தூரம் வந்தது என்பது மனதில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் யார் இவர் என்று தேட ஆரம்பித்தேன்.

9 செப்டம்பர் 2023

"அப்படியானால் உங்கள் மதிப்பீடு நன்றியிலிருந்து வருகிறது, இசையிலிருந்து இல்லை" என்கிறார் கேள்வி கேட்டவர். நியாயமான பேச்சு. தொடக்கம் நன்றிதான். அதன் பிறகு 18 வருஷம் கேட்டிருக்கிறேனே.

10 செப்டம்பர் 2023, மாலை

சரி, இசைக்கே வருகிறேன். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன், கொயரிலிருந்து.

மேத்தா 1936இல் பம்பாயில் பிறந்தவர், பார்சி குடும்பம். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், 1935இல் பம்பாய் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கியவர். மகன் மருத்துவம் படிக்கட்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். அவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு 1954இல், 18 வயதில், வியன்னாவுக்குப் போனார். ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் கண்டக்டிங், கூடவே டபுள் பேஸ் வாத்தியம். அங்கே போய்க் கேட்ட முதல் பெரிய கச்சேரி, கார்ல் போம் நடத்திய பிராம்ஸின் முதல் சிம்பனி. அதுவரை இசைத்தட்டில்தான் அந்த ஒலியைக் கேட்டிருந்தார். பிறகு எந்த ஊர்க் குழுவை எடுத்தாலும் அவர் தேடியது அந்த வியன்னா ஒலியைத்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைக்குள் மாணவர்களை விடமாட்டார்கள். அதனால் மேத்தாவும் அவருடைய நண்பர் கிளாடியோ அப்பாடோவும் வியன்னாவின் சிங்ஃபெராய்ன் கொயரில் போய்ச் சேர்ந்தார்கள், பேஸ் என்னும் ஆண்களின் கீழ்க்குரலில். கராயன், புரூனோ வால்டர் ஆகியோரின் ஒத்திகைகளை அங்கே உட்கார்ந்து பார்த்தார்கள். பின்னாளில் உலகத்தின் பெரிய குழுக்களை நடத்திய இரண்டு பேர் பேஸ் வரிசையில் நின்று, இன்னொருவர் கையைப் பார்த்து மூச்சு எடுத்திருக்கிறார்கள்.

கொயரில் பாடாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கை கீழே வரும் நொடியில் பாட்டு தொடங்குவதாக வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கிறார். அதற்கு முந்திய அசைவில், கை மேலே போகும்போதே எல்லாம் முடிவாகிவிடுகிறது. எந்த வேகம், எவ்வளவு சத்தம், மெல்லிய தொடக்கமா, வெட்டுத் தொடக்கமா, எல்லாமே அந்த மேல்வீச்சில் இருக்கிறது. பாடுகிறவன் அதோடு சேர்ந்து மூச்சை உள்ளே இழுக்கிறான். நடத்துகிறவரும் கூடவே இழுக்க வேண்டும். அவர் இழுக்காவிட்டால் 40 பேர் 40 விதமாக நுழைவார்கள். மேத்தாவின் காணொளிகளில் ஒலியை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். மேல்வீச்சு அவ்வளவு தெளிவு. ஸ்வரோவ்ஸ்கி தேவையில்லாத அசைவை ஒத்துக்கொள்ளாதவர் என்பார்கள், அது அந்தக் கையில் தெரியும்.

10 செப்டம்பர் 2023, இரவு

2005இல் என் கை ஏன் வேலை செய்யவில்லை என்பதும் எனக்கு அப்படித்தான் விளங்கியது. அன்று நான் கையைத் தூக்கினேன், மூச்சு எடுக்கவில்லை.

17 செப்டம்பர் 2023

மூன்று டெனர்கள் பற்றி. 7 ஜூலை 1990, ரோமில் காரகல்லா குளியல் மண்டபங்களின் இடிபாடுகள், மறுநாள் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். பவரோட்டி, டோமிங்கோ, கரேராஸ். கரேராஸ் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்திருந்தார், வருமானத்தில் ஒரு பங்கு அந்த நோய்க்கான அறக்கட்டளைக்குப் போனது. ஃப்ளாரன்ஸ் குழுவையும் ரோம் ஓபரா குழுவையும் ஒன்றாக உட்காரவைத்து மேத்தா நடத்தினார்.

"பாட்டுக்காரர்கள் பாடினார்கள், இவர் கூட நின்றார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டுக்காரர் பாடும்போது கூட நிற்பது எளிதா? ஒருவர் உச்ச ஸ்வரத்தைத் தன் இஷ்டத்துக்கு நீட்டுவார். எவ்வளவு நீட்டுவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. இரண்டு ஆர்கெஸ்ட்ராவும் அவர் இறங்கும் அதே நொடியில் இறங்க வேண்டும், முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. நம் கச்சேரியில் பாடகர் நிரவலில் எங்கோ போய்விட்டு எடுப்புக்கு வரும்போது மிருதங்கக்காரர் சரியாக அங்கே காத்திருப்பார் இல்லையா? ஓபரா கண்டக்டர் அந்த வேலையை நூறு பேரை வைத்துக்கொண்டு செய்யவேண்டும். மேத்தாவின் உண்மையான திறமை இதுதான் என்பது என் கட்சி. 1972இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் பதிவு செய்த புச்சினியின் டூரண்டோட் ஓபராவைக் கேளுங்கள். பாடியவர்கள் சதர்லேண்ட், பவரோட்டி, கபாயே. இளவரசியின் கடினக் குரலுக்கு ஆர்கெஸ்ட்ரா இரும்பாக நிற்கிறது, அடிமைப்பெண் லியூ பாடும் இடத்தில் அதே ஆர்கெஸ்ட்ரா துணி மாதிரி மடிகிறது.

1992 ஜூலையில் ரோமில் டோஸ்கா ஓபராவைக் கதை நடக்கும் உண்மையான இடங்களிலேயே, கதையில் சொன்ன நேரங்களிலேயே பாடி, தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள். முதல் அங்கம் தேவாலயத்தில், இரண்டாவது ஃபர்னேசே அரண்மனையில் இரவில், மூன்றாவது மறுநாள் விடியலில் காஸ்டெல் சான்டாஞ்செலோ கோட்டையில். பாடகர்கள் அங்கே, மேத்தாவும் ஆர்கெஸ்ட்ராவும் ரோமில் வேறோர் இடத்தில். திரையில் ஒருவரையொருவர் பார்த்துத்தான் சேர்ந்தார்கள். ஓபரா நடத்துகிறவர் பாடகரின் தோள் உயர்வதைப் பார்த்து மூச்சைக் கணிப்பார், அந்த வசதியும் இல்லாமல் அதைச் செய்திருக்கிறார்.

18 செப்டம்பர் 2023

நேற்று கொஞ்சம் வேகமாக வாதாடிவிட்டேன். மூன்று டெனர்கள் நிகழ்ச்சியை நேற்று இரவு முழுதாக மறுபடி பார்த்தேன். கடைசிக் கதம்பப் பாடல்கள் வரும்போது ஆர்கெஸ்ட்ராவுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அங்கே உங்கள் குறை சரி. 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேடியத்தில் நடந்ததை நான் முழுதாக ஒருமுறைகூடக் கேட்டு முடித்ததில்லை. அதிலிருந்து அவரை எடைபோடாதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

1 அக்டோபர் 2023

இன்னொருவர் நியூயார்க்கைக் கிளப்பியிருக்கிறார். அங்கே விமர்சகர்கள் அவரை நன்றாக நடத்தவில்லை என்பது உண்மை. சத்தம் அதிகம், பளபளப்பு அதிகம், ஆழம் போதாது என்று எழுதினார்கள். இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1967இல் ஒரு பேட்டியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவைப் பற்றிக் கடுமையாகப் பேசிவிட்டார். வாத்தியக்காரர்கள் கொதித்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. 11 வருஷம் கழித்து அதே குழுவுக்கு இயக்குநராகப் போய் 13 வருஷம் இருந்தார். நவீன காலத்தில் அந்தக் குழுவில் அவ்வளவு காலம் அதற்கு முன் எந்த இயக்குநரும் இருந்ததில்லை.

அங்கே அவர் செய்ததில் எனக்கு முக்கியமானது 1981: ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்னே நிற்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் உருப்படி), ராகமாலை. தாளக் கணக்கில் பழகாத ஆர்கெஸ்ட்ராவுக்கு அதைப் புரியவைக்க, இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

1 அக்டோபர் 2023, சற்றுப் பிறகு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். "இரண்டு பக்கமும் தெரிந்த" என்பது மிகை. மேத்தா வளர்ந்தது மேற்கத்திய இசையில், அப்பாவின் வயலின் ஒத்திகைக்கு நடுவே. இந்திய இசையை அவர் படித்தவர் இல்லை. மரியாதையோடு காது கொடுத்தவர் என்பதே சரி.

15 அக்டோபர் 2023

இன்றைய தேதியைப் பார்த்ததும் இது நினைவுக்கு வந்தது. இதை எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

1981 அக்டோபரில் டெல் அவிவில், கச்சேரி முடிந்த பிறகு கூடுதல் உருப்படியாக ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் டிரிஸ்டான் ஓபரா இசையில் ஒரு பகுதியை வாசிக்கப்போகிறோம், கேட்க விரும்பாதவர்கள் எழுந்து போகலாம் என்று அறிவித்தார். இஸ்ரேலில் வாக்னரை வாசிப்பதில்லை, நாஜிகள் கொண்டாடிய இசை அது. எதிர்ப்புக் கிளம்பியது. அரங்க ஊழியர் ஒருவர் மேடையருகே ஓடி வந்து, சட்டையைத் தூக்கி உடம்பிலிருந்த தழும்புகளைக் காட்டிக் கத்தினார்.

முதலில் இதைப் படித்தபோது மேத்தாவின் பக்கம் நின்றேன். இசை இசைதானே, எழுதியவரின் பாவம் ஸ்வரத்துக்குள் இருக்குமா என்று. இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊரில் சிலருக்கு இன்றும் அலைச் சத்தம் கேட்டால் கை நடுங்கும். அவர்களிடம் போய் அது வெறும் தண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். "விரும்பாதவர் வெளியே போகலாம்" என்ற வார்த்தையை, அந்த மக்கள் தங்கள் சொந்த அரங்கத்தில் எப்படிக் கேட்டிருப்பார்கள்? மேத்தா அந்த இடத்தில் தப்புக் கணக்குப் போட்டார் என்றே நினைக்கிறேன். அவரை மதிக்கிறேன் என்பதால் இதை மறைக்கக் கூடாது.

16 அக்டோபர் 2023

கேள்வி கேட்டவர்: "அப்படியானால் காஷ்மீர்?"

ஆமாம், அதுவும். செப்டம்பர் 2013, ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டம், மறுபடியும் பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ரா, ஜெர்மன் தூதரக ஏற்பாடு. அழைப்பிதழ் இருந்தவர்களுக்கு மட்டும் அனுமதி, சுற்றிலும் காவல். அதே ஊரில் எதிர்ப்பாக இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. உள்ளே விடாத மக்களுக்காக வாசித்தோம் என்று சொன்னால் அது அவர்களைச் சேராது. அடுத்தமுறை எல்லோரும் வரும்படி ஸ்டேடியத்தில் நடத்த ஆசை என்று அவரே மேடையில் சொன்னார். அவருக்கும் அது உறுத்தியிருக்கிறது.

29 அக்டோபர் 2023

"போர் நடக்கும் ஊருக்குப் போய் நின்றவர்" என்ற சொல்லுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் நீளும்.

1956இல் ஹங்கேரிப் புரட்சி நசுக்கப்பட்டு அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது, வியன்னா மாணவர்களைத் திரட்டி அகதி முகாமில் வாசித்தார். 20 வயது, யாருக்கும் அவரைத் தெரியாது. அங்கே என்ன வெளிச்சம் இருந்தது? இதை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. புகழ் வருவதற்கு முன்பே அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது.

1991 வளைகுடாப் போரில், இஸ்ரேல் மக்கள் விஷவாயு முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரிக்கு வந்தார்கள். ஜெருசலேமில் அவர் நடத்திக்கொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. ஆர்கெஸ்ட்ரா நின்றது. வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் மட்டும் மேடைக்குத் திரும்பி, முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தனியாகப் பாக் வாசித்தார். அந்த நேரத்தில் கண்டக்டருக்கு வேலையில்லை.

1994 ஜூனில் போஸ்னியாவின் சரயேவோ. முற்றுகை முடியவில்லை. 1992இல் குண்டுவீச்சில் எரிந்த தேசிய நூலகம், கூரை இல்லை. அந்த இடிபாட்டுக்குள் சரயேவோ ஃபில்ஹார்மோனிக்கையும் அந்த ஊர்த் தேவாலயக் கொயரையும் வைத்து இறந்தவர்களுக்கான ஆராதனை இசையான மொஸார்ட்டின் ரெக்வியம் நடத்தினார். கரேராஸும் ருஜேரோ ரைமோண்டியும் பாடினார்கள். அந்த ஊர்க் கொயர் என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் எந்தக் கொயரைக் கேட்டாலும் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்தக் காணொளியை நான் கொயர் மாஸ்டர் கண்ணால்தான் பார்க்கிறேன். ரெக்வியத்தின் முதல் வரியில் பேஸ் நுழையும் இடத்தில் அவர் கை என்ன செய்கிறது என்று எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

1999இல் வைமரில், நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாம் இருந்த இடத்துக்கு அருகே, மாலரின் இரண்டாவது சிம்பனி. உயிர்த்தெழுதல் சிம்பனி என்பார்கள். பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவையும் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கையும் கலந்து உட்காரவைத்தார். ஒரே தாளைப் பார்த்து ஒரு ஜெர்மானியரும் ஒரு யூதரும் வாசிப்பது, அதுவும் அந்த மண்ணில்.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது ஃப்ளாரன்ஸ் குழுவோடு அவர் அந்த நாட்டில்தான் இருந்தார். பயணம் பாதியில் நின்று குழு ஊர் திரும்பியது. வெளிநாட்டுக் கலைஞர்கள் ஜப்பானைத் தவிர்த்துக்கொண்டிருந்த ஏப்ரலில் அவர் திரும்பிப் போய், டோக்கியோவில் என்.எச்.கே. சிம்பனியோடு பீத்தோவனின் ஒன்பதாவதை நடத்தினார், பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்காக.

அந்தச் செய்தியைப் படித்த அன்று, இவர் இரண்டாம் முறையாக ஒரு சுனாமிக்கு வந்திருக்கிறார் என்று வீட்டில் சொன்னேன். வீட்டில் ஒன்றும் பேசவில்லை, டீவியை நிறுத்தினார்கள்.

30 அக்டோபர் 2023

சின்னக் குறிப்பு: "முற்றுகை முடியவில்லை" என்று எழுதினேன். முற்றுகை முடிந்தது 1996 பிப்ரவரியில். எனவே சரிதான், உறுதிப்படுத்திக்கொண்டேன்.

12 நவம்பர் 2023

ஒருவர் எழுதுகிறார்: இசை இறந்தவரைத் திருப்பித் தராது, சோறு போடாது, பிறகு எதற்கு? கோபத்தோடு கேட்கிறார், அவருக்கும் ஏதோ இழப்பு இருக்கும் போல.

உண்மைதான். 2005இல் எங்களுக்கு வந்த படகும் வலையும்தான் சோறு போட்டன. மியூசிக் அகாடமியில் வாசித்தது தரங்கம்பாடிக்குக் கேட்கவில்லை. ஆனாலும் மூன்றாம் முறை அந்தப் பெரியம்மா எடுத்துக் கொடுத்த பிறகு எங்கள் கொயர் பாடியதே, அதன் பிறகுதான் அந்த டெனரின் அப்பா ஒரு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். அது சோறு இல்லை. அது இல்லாமலும் அவர் இருந்திருக்க முடியாது.

3 டிசம்பர் 2023

கேள்வி கேட்டவரே இப்போது மாலர் இரண்டைத் தேடிக் கேட்டிருக்கிறார். "கடைசியில் கொயர் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே அவ்வளவு மெதுவாகத் தொடங்குவதை எதிர்பார்க்கவில்லை" என்கிறார். அந்த இடம்தான் கொயர்களுக்குப் பயம். கிட்டத்தட்ட ஒலியே இல்லாமல் நுழைய வேண்டும், வாத்தியத் துணை இல்லாமல். பேஸ் மிகக் கீழே போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு அதைப் பாட வேண்டும். 2019 அக்டோபரில் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து விடைபெற அவர் தேர்ந்ததும் இதையே. அப்போது உடம்பு தளர்ந்திருந்தது, உட்கார்ந்துதான் நடத்தினார்.

வயதான பிறகு அவர் நடத்துவதில் கை மிகவும் சுருங்கிவிட்டது. இளமையில் தோளிலிருந்து வீசியதெல்லாம் போய், மணிக்கட்டும் கண்ணும்தான் மிச்சம். எனக்கு இந்த மேத்தாவைத்தான் அதிகம் பிடிக்கிறது. நியூயார்க் விமர்சகர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

27 டிசம்பர் 2023

நேற்று நினைவு ஆராதனை. கொயரில் இப்போது பாதிப்பேர் 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். அந்தப் பெரியம்மாவுக்கு 81 வயது, படி ஏற முடியவில்லை என்பதால் ஆல்ட்டோ வரிசைக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தேன். அதே பாட்டு. ஆர்கன் முன்னிசையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரைப் பார்த்து மூச்சை இழுத்தேன், அவரும் இழுத்தார். முக்கால் கட்டை கீழேயே தொடங்கினோம்.